கடைக்கொரு தாள்: கணக்கைப் பிரிக்கும்போது கவனம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் கட்டளையிடுகிறது. எங்கள் வாப்பாமார் அதைக் கொப்பியில் எழுதினார்கள். நாம் எக்ஸெலில் எழுதுகிறோம். பொறுப்பு மட்டும் மாறவில்லை. ஒரு தவறு செய்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது.

நான் ஏஜென்சி எடுத்திருக்கும் பொருட்களின் கணக்கு, கம்பனித் தலைமையகத்தின் மெயின்பிரேம் எனும் பெரிய கணினியில் இருக்கிறது. மாத முடிவில் அங்கிருந்து ஒரு டெக்ஸ்ட் கோப்பு வரும். நாற்பது கடைகளின் பற்றும் வரவும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். டெக்ஸ்ட் கோப்பில் தனித்தனித் தாள்கள் கிடையாது. கடைக்கொரு தாளாகப் பிரிப்பது நம் வேலை.

ஒருமுறை அப்படிப் பிரித்துவிட்டு ஒரு கடைக்காரரிடம் நிலுவையைக் கேட்டேன். "நானா, அந்தச் சாமானைத் திருப்பி அனுப்பிட்டேனே" என்றார். நான் தாளைக் காட்டி வாதாடினேன். பிறகு பார்த்தால் அவர் சொன்னதே உண்மை. அந்தக் கோப்பில் வரவுத் தொகைகளுக்குப் பின்னால் 'சீஆர்' என்ற இரண்டு எழுத்துகள் நின்றன. எக்ஸெல் அத்தகைய தொகையை எண்ணாக அல்ல, சொல்லாகவே எடுக்கும். கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும். பற்று கூடியது, வரவு கழியவில்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது:

1. கோப்பை நேரடியாகத் திறக்க வேண்டாம். எக்ஸெலின் 'டேட்டா' பகுதியிலுள்ள 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாக எடுங்கள். கடை இலக்கம், தொலைபேசி இலக்கம் உள்ள நிரல்களை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். இல்லாவிட்டால் 077 என்பது 77 ஆகிவிடும். திகதி நிரலில் நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கைச் சொல்லிவிடுங்கள். 03/04 என்பது ஏப்ரல் 3 ஆ, மார்ச் 4 ஆ என்று எக்ஸெல் ஊகிக்க விடக்கூடாது.

2. 'சீஆர்' உள்ள தொகைகளில் அவ்வெழுத்துகளை நீக்கி, முன்னால் கழித்தல் குறி இடுங்கள். சில கோப்புகளில் கழித்தல் குறியே எண்ணின் பின்னால் இருக்கும். அதையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எண்கள் தாமாகவே வலப்பக்கம் ஒதுங்கும். இடப்பக்கம் நிற்கும் தொகை எதுவானாலும் சந்தேகப்படுங்கள்.

3. பிரிக்கும் முன் மொத்தத்தை ஒப்பிடுங்கள். இவ்வகைக் கோப்புகளின் கடைசி வரியில் பெரும்பாலும் பதிவுகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இருக்கும். உங்கள் தாளின் மொத்தம் அதனுடன் சரிவர வேண்டும். சரிவந்தபின் அந்த வரியை நீக்கிவிடுங்கள். இது சிறிய விடயமல்ல. 2020 செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் விபரம் அன்றாட அறிக்கையில் சேராமற்போனது. பழைய எக்ஸெல் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 நிரைகளே கொள்ளும். மிகுதி வெளியே நின்றுவிட்டது. 2007 இல் வந்த வடிவம் 1,048,576 நிரைகள் கொள்ளும்.

4. இனிப் பிரிக்கலாம். பிவட் டேபிள் ஒன்றை அமைத்து, கடை இலக்கத்தை 'ஃபில்டர்' பெட்டியில் வையுங்கள். 'ஒப்ஷன்ஸ்' இல் உள்ள 'ஷோ ரிப்போர்ட் ஃபில்டர் பேஜஸ்' என்பதை அழுத்தினால் நாற்பது தாள்களும் ஒரே நொடியில் வந்துவிடும். எல்லாத் தாள்களின் கூட்டுத்தொகையும் முதல் மொத்தத்துடன் மீண்டும் சரிவர வேண்டும்.

5. அத்தாளை அப்படியே கடைக்காரருக்கு மின்னஞ்சல் செய்யாதீர்கள். பிவட் டேபிளின் உள்ளே எல்லாக் கடைகளின் கணக்கும் மறைந்திருக்கும். ஃபில்டரை மாற்றினால் அடுத்த கடையின் கடனும் தெரியும். அச்சிட்டுக் கொடுங்கள், அல்லது பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஒருவரின் கடன் விபரம் நம்மிடமுள்ள அமானிதம்.

ஸகாத் கணக்கிடும்போது நமக்கு வரவேண்டிய கடனையும் இதே தாள்களிலிருந்துதான் எடுக்கிறோம். அங்கே பிழைத்தால் ஸகாத்தும் பிழைக்கும். தாள் பிரிக்கக் கணினிக்கு ஒரு நொடி போதும். மொத்தம் பார்க்க நமக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்ததால்தான் நான் ஒரு நல்ல மனிதரைப் பொய்யராக்கப் பார்த்தேன்.