மழையும் மலைச்சரிவும்

பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலை, தித்திவங்சா மலைத்தொடரின் ஒரு பகுதியாகும். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா, பிரிஞ்சாங் எனச் சாலை மேலேறச் செல்லச் செல்லக் குளிர் கூடுகிறது. தேயிலை செழித்து வளரக் குளிரும் மழையும் வேண்டும். இவ்விரண்டும் இங்கு உண்டு என்பதால்தான் 1929ஆம் ஆண்டில் இங்குப் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும், தேயிலையை வாழவைக்கும் அதே மழை, சில வேளைகளில் மலைச்சரிவுகளைப் பெயர்த்துவிடுகிறது.

இம்மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகிறது. குறிப்பாக, ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கனமழை கொட்டுகிறது.

இங்குள்ள கருங்கற்பாறை, வெப்பமண்டல மழையால் நெடுங்காலமாகச் சிதைந்து ஆழமான மண்ணாக மாறியுள்ளது. மழைநீர் இம்மண்ணின் நுண்துளைகளை நிரப்பும்போது மண்ணின் எடை கூடுகிறது. மண்துகள்களுக்கிடையே உள்ள பிடிப்புத் தளர்கிறது. பல நாள் மழையில் ஊறிய சரிவு, இறுதியில் பெய்யும் ஒரு கனமழையைத் தாங்காமல் சரிந்துவிடுகிறது. ஆகவே, இன்று பெய்த மழையோடு கடந்த நாள்களில் பெய்த மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பனி படர்ந்த மலைகளிலும் இதே நிலைதான். நார்வே நாட்டிற்குரிய ஸ்வால்பார்ட் தீவுகள் வடதுருவத்திற்கு அருகில் உள்ளன. அங்குக் கடுங்குளிரில் மெல்லிய பனிப்படலம் உறுதியிழந்த அடுக்காக மாறுகிறது. அதன்மேல் பலத்த காற்று மேலும் பனியைக் குவித்தால், மேலடுக்கு வழுக்கிப் பனிச்சரிவாகிறது. 2015 டிசம்பர் 19ஆம் நாள், அங்குள்ள லாங்யர்பியன் நகரின் வீடுகள்மீது பனி சரிந்து இருவர் உயிரிழந்தனர். மழையானாலும் பனியானாலும், வட்டாரத் தட்பவெப்பநிலையே சரிவின் உறுதியைத் தீர்மானிக்கிறது.

மனிதர் செயலும் ஆபத்தைக் கூட்டுகிறது. சாலைக்காகச் சரிவின் அடிப்பகுதியை வெட்டினால் மேல்மண் தாங்குதலை இழக்கிறது. காடழித்த நிலத்திலிருந்து அரிக்கப்படும் மண், ஆறுகளின் வழியே ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் கனமழையால் அந்நீர்த்தேக்கம் நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் பறித்தது. 2014 நவம்பரிலும் அவ்வட்டாரத்தில் சேற்றுவெள்ளமும் நிலச்சரிவும் உயிர்களைப் பலிகொண்டன. இரண்டும் மழை மிகும் மாதங்களில் நிகழ்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

நெருக்கமாக வளர்ந்த தேயிலைச் செடிகள் மழைத்துளியின் வேகத்தைத் தணித்து, மேல்மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. எனினும், வேர் எட்டாத ஆழத்தில் தொடங்கும் சரிவை அவற்றால் தடுக்க இயலாது. எனவே, வடிகால்களைத் தூய்மையாக வைத்திருப்பது இன்றியமையாதது. தரையில் புதிய வெடிப்புகள், சாய்ந்த மரங்கள், சரிவிலிருந்து கசியும் கலங்கல் நீர் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உடனே அங்கிருந்து விலகிப் பெரியவர்களுக்கும் தீயணைப்பு மீட்புப் படையினருக்கும் தெரிவிக்க வேண்டும். மழையை நம்மால் நிறுத்த முடியாது. மலை காட்டும் அறிகுறிகளை அறிந்து உயிர்களைக் காக்க முடியும்.