கடல் வெள்ளமும் மணற்குன்றும்

ஆற்று வெள்ளம் வடிந்தபின் வண்டலையாவது விட்டுச் செல்லும். கடல் வெள்ளமோ உப்பையே விட்டுச் செல்லும். உப்பேறிய நிலமும் கிணறும் பழைய நிலைக்கு வர வருஷங்கள் ஆகும். இவ்வெள்ளத்தைத் தடுக்கக் கல் மதில் ஒன்றே வழி என்பது பலருடைய எண்ணம். மணலைக் கொண்டும் தடுக்கலாம் என்பதற்கு, நெதர்லாந்து எனப்படும் ஒல்லாந்து தேசம் சான்றாகும்.

அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறையக் கால் பாகம் கடல் மட்டத்துக்குத் தாழ்ந்தது. 1953-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி இரவு எழுந்த புயலில் கரைகள் உடைந்து, 1,836 பேர் மாண்டனர். அதன்பின் கரைகளும் மணற்குன்றுகளும் பலப்படுத்தப்பட்டன. 1990-ம் வருஷம் முதல், கடல் அரிக்குமிடங்களில் மணலிட்டுக் கரையை நிலைநிறுத்துவது சர்க்காரின் கொள்கையாயிற்று. அம்மணல் 20 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள கடலடியிலிருந்து எடுக்கப்படுகிறது. கரையருகே எடுத்தால் கரையே சரிந்துவிடும்.

2011-ல் தெர் ஹைடே என்னும் ஊரருகே 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணல் ஒரே இடத்தில் இடப்பட்டது. அலையும் நீரோட்டமும் காற்றும் அதனைப் பக்கத்துக் கரைகளுக்குப் பங்கிட்டு வருகின்றன. பெட்டன் என்னும் ஊரருகே, பலம் குறைந்த பழைய கடலணையின் முன்னே மணலாலேயே புதிய கடற்கரையும் குன்றுகளும் 2015-ல் அமைத்து முடிக்கப்பட்டன.

மணற்குன்று வேலை செய்யும் விதம் சங்கத்தின் சேமநிதியை ஒத்தது. புயற்காலத்தில் அலை குன்றின் அடியை அரித்து, மணலை ஆழமற்ற கடலில் திட்டாகப் பரப்புகிறது. பின்வரும் அலைகள் அத்திட்டில் மோதி உடைந்து வேகம் குன்றுகின்றன. புயல் ஓய்ந்தபின் சிற்றலைகள் மணலைக் கரை சேர்க்கின்றன. காற்று அதனைக் குன்றுக்குக் கொண்டு செல்கிறது. அங்குள்ள புல் அதனைப் பிடித்துக்கொள்கிறது. ஆபத்தில் செலவாகி அமைதியில் மீளும் இந்நிதியை இடையில் எவரேனும் அள்ளிச் சென்றால், அடுத்த புயலுக்கு இருப்பு இராது.

மணல் வேலைக்குக் குறையும் உண்டு. ஒரு முறை இட்டதோடு அது முடிவதில்லை. கரைந்த அளவை மீண்டும் மீண்டும் ஈடு செய்ய வேண்டும். ஆதலால் அதற்கு ஓயாத மேற்பார்வையும் நிலையான வருமானமும் வேண்டும். ஒல்லாந்தில் 13-ம் நூற்றாண்டு முதலே நீர்ச் சபைகள் ஏற்பட்டுள்ளன. கரையால் காக்கப்படுவோர் இச்சபைகளுக்கு வரி செலுத்துகின்றனர். பலர் கூடிப் பொறுப்பேற்றதனாலேயே அந்நாடு நிலைத்திருக்கிறது.

அந்நாட்டில் குன்றுகளைக் கட்டிக் காப்பது மாரம் என்னும் புல். மணல் மூட மூட அது மேலெழுந்து வளரும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அவ்வேலையைச் செய்பவை அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லுமாம். இவற்றைப் பிடுங்கினால் மணல் காற்றோடு போகும். நடைபாதைக்காகக் குன்றை வெட்டினால் அவ்வழியே கடலும் உட்புகும்; காற்று அவ்வாயிலை மேலும் அகலமாக்கும். இந்திய சர்க்கார் 2011-லும் 2019-லும் வெளியிட்ட கடற்கரை ஒழுங்கு அறிவிப்புக்கள், மணற்குன்றுகளைப் பாதுகாக்கத்தக்க இடங்களாகக் குறித்திருக்கின்றன.

கோடிக்கணக்கான கன மீட்டர் மணலைக் கொணர்வது ஒரு கிராமத்தால் ஆகாது. ஆயினும் இருக்கும் குன்றில் மணல் அள்ளாமலும், கொடியைப் பிடுங்காமலும், ஆடு மாடுகளை மேயவிடாமலும், புதிய வழி வெட்டாமலும் காப்பது சங்க அங்கத்தினர்களால் ஆகக்கூடியதே. இதற்குப் பணச் செலவு இல்லை. ஒற்றுமை ஒன்றே வேண்டும்.