பழைய லேண்ட் ரோவரும் தேய்ந்த ஸ்பிரிங் பட்டையும்



எங்கள் தோட்டங்கள் சிலவற்றில் பழைய லேண்ட் ரோவர் வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதுவே உர மூடை ஏற்றும் வண்டி, அதுவே அம்புலன்ஸ். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தாய்க்கு வலி கண்டால் லயத்து வாசலுக்கு வருவதும் அதுதான். ஆகவே அதன் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பற்றி டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஏறுகிறவர்களும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேணும் என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

இந்த வண்டி முதன்முதலில் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டது. விவசாய வேலைக்கென்று இங்கிலாந்தில் செய்தார்கள். 1983 இல் சுருள் ஸ்பிரிங் போட்ட புது மாதிரி வந்தது. பட்டை ஸ்பிரிங் போட்ட கடைசி 'சீரீஸ் 3' வண்டிகள் 1985 வரை செய்யப்பட்டன. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்ற ஊரிலிருந்து சந்தக்பூ உச்சிக்கு இதே பழைய வண்டிகள்தான் நெடுங்காலம் ஆள் ஏற்றின. அதுவும் தேயிலை நாடுதானே. எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்த வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் பழைய வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி பலருக்கும் இருக்கவில்லை.

சரி, ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது? ஒரே அளவான பத்து மெல்லிய மூங்கில் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வளைத்துப் பாருங்கள். வளையும். அந்தப் பத்தின் தடிப்பும் சேர்ந்த ஒரே கட்டையை வளைக்க முடியுமா? கணக்குப்படி அது நூறு மடங்கு விறைப்பாக இருக்கும். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்வதுதான் இதன் ரகசியம். மேல் பட்டை நீளமானது, அதன் இரண்டு நுனியிலும் 'கண்' சுருட்டியிருக்கும். கீழே போகப் போகக் கட்டை. பாரம் நடுவில்தான் அதிகம் வலிக்கும், அதனால் நடுவில் தடிப்பு.

இன்னொரு விசயம், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்கவில்லை. அக்சலை அதன் இடத்தில் பிடித்துக்கொண்டு இருப்பதும் இதுதான். ஒரு டிரைவர் தம்பி எங்களிடம் கேட்டார்: "ஐயா, இத்தனை பட்டையில ஒண்ணு போனா என்னா, மத்தது இருக்குதானே?" கீழே உள்ள கட்டைப் பட்டை ஒன்று உடைந்தால் வண்டி தாழும், மற்றப் பட்டைகளுக்குப் பாரம் கூடும். மேல் பட்டை உடைந்தால் அக்சல் முன்னே பின்னே நகரும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மண் மேடும் மறு பக்கம் பள்ளமுமான தோட்டத்து ரோட்டில் அது என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது சுலபம். சமதரையில் வண்டியை வெறுமையாக நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அடிமட்டம் வைத்து அளந்து எழுதுங்கள். இடதுக்கும் வலதுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் ஏதோ கோளாறு. பட்டைகளுக்கு நடுவே துரு பொங்கி விரிந்திருக்கிறதா, ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெடிப்பைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. பட்டையைத் துலக்கி, மண்ணெண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் விட்டு நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே வெண்கட்டி தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டலாம், நல்ல விஞ்ஞான பாடம். வண்டிக்கு அடியில் மட்டும் அவர்களை விடவேண்டாம்.

உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. ஸ்பிரிங் இரும்பு சூடேற்றிப் பதமாக்கிய இரும்பு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டுவிடும், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். தாழ்ந்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைத்துத் தருகிற பாஸ்மாரும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு நிமிர்ந்து நிற்கும், பிறகு பழையபடி இருந்துவிடும். பாரம் கூட ஏற்றலாம் என்று ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகுவதும் எங்களுக்குச் சம்மதமில்லை. ஸ்பிரிங் தாங்கும், பிரேக் தாங்குமா?

சாமான் வாங்க எல்லாரும் போவது கொழும்பு மருதானைக்குத்தான். ஹட்டன், நானுஓயா பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குப் பஞ்சிகாவத்தை வசதியான இடம். மருதானை புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வீதி நெடுக உதிரிப்பாகக் கடைகள். பழையது, புதியது, ரீகண்டிஷன் எல்லாம் கிடைக்கும். 'துனு கொல' என்று சிங்களத்தில் கேட்டால் உடனே விளங்கிக்கொள்வார்கள். ஆனால் வெறுங்கையோடு போய் "லேண்ட் ரோவர் ஸ்பிரிங்" என்று கேட்டால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். கண் நடுவிலிருந்து கண் நடு வரை நீளம், பட்டைகளின் எண்ணிக்கை, புஷ்ஷின் அளவு, முன்னுக்கா பின்னுக்கா, 88 அங்குல வண்டியா 109 அங்குல வண்டியா, பெற்றோலா டீசலா, இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். பட்டையின் அகலம் இரண்டரை அங்குலம்.

இடது வலது என்று ஸ்பிரிங்கில் வித்தியாசம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் நாட்டு வண்டியில் டிரைவர் இருப்பது வலது பக்கம். 88 அங்குல வண்டியில் பெற்றோல் தாங்கியும் அதே பக்கம், ஆசனத்தின் அடியில். அந்தப் பாரத்துக்காக வலது பக்க ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கூட வளைத்துச் செய்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் புது ஸ்பிரிங்கிலும் வண்டி சரிந்தே நிற்கும். பழைய ஸ்பிரிங் வாங்குவதென்றால் புதிதாகக் கறுப்பு மை பூசியதை நம்பவேண்டாம். மைக்குக் கீழே வெல்டிங் தழும்பு இருக்கலாம். பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். தராத கடையில் வாங்கவேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகவே மாற்ற வேணும், யூ போல்ட்டும் புதிதாகவே போட வேணும்.

இனி வேலை. இரண்டு பேர் வேணும். முதல் நாளே நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கியதும் செசியின் கீழே பலமான ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி, அல்லது செங்கல்லை அடுக்கி வைத்து, அடியில் ஒருவரும் படுக்கவேண்டாம். வண்டி ஒன்றரைத் தொன் அளவு பாரம்; சறுக்கினால் கத்துவதற்கும் நேரம் இராது.

சக்கரத்தைக் கழற்றி, அக்சலை இன்னொரு ஜாக்கியில் தாங்கவிட்டு, யூ போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அக்சலை மெல்ல இறக்கும்போது பிரேக் ரப்பர் குழாய் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேணும். ஷக்கிள் போல்ட்தான் பெரிய தலையிடி. வருசக்கணக்காகப் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், லேசில் வராது. இந்த இடத்தில் சிலர் பொறுமையிழந்து காஸ் கட்டர் கேட்பார்கள். பெற்றோல் தாங்கி எந்தப் பக்கம் என்று மேலே சொன்னோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பு அறுக்கும் வாளால் அறுப்பதற்கு அரை நாள் போனாலும் போகட்டும்.

புது ஸ்பிரிங்கை ஏற்றும்போது நடு போல்ட்டின் தலை அக்சலில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார வேணும். உட்காராவிட்டால் அக்சல் கோணலாக நிற்கும். யூ போல்ட் நட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கண் போல்ட்டையும் ஷக்கிள் போல்ட்டையும் அந்த நேரம் கையளவில் விட்டுவிடுங்கள். சக்கரம் போட்டு, வண்டியை இறக்கி, இரண்டு மூன்று தரம் அமுக்கி ஆட்டி, வண்டி தன் சொந்தப் பாரத்தில் நின்ற பிறகுதான் அவற்றை இறுக்க வேணும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகின நிலையில் மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். கராஜ்களில் அதிகம் தவறவிடுகிற இடம் இது. கூட நிற்கிறவர் ஞாபகப்படுத்தலாம், பாஸ் கோபித்தாலும் பரவாயில்லை.

நூறு கிலோமீற்றர் அளவு ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பாருங்கள், புது ஸ்பிரிங் படிந்து நட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும். மாற்றிய திகதியையும், அன்றைக்கு நாலு சக்கரத்திலும் அளந்த உயரத்தையும் வண்டிப் புத்தகத்தில் எழுதி வைத்தால் அடுத்த வருசம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.