தடையும் திறனும்: மின்கணக்கில் ஒரு சொல்லாய்வு

கலைச்சொல் ஒன்று அகராதியில் இடம்பெற்றதனாலேயே வாழ்வு பெற்றுவிடுவதில்லை. அதனைக் கொண்டு மக்கள் சிந்திக்கவும் கணக்கிடவும் வேண்டும். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா (1935–2017) போன்றோர் அரிதின் முயன்று அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்தளித்துள்ளனர். அச்சொற்களைத் தேர்வுக்கென மனனம் செய்யும் மாணவர், சுவிட்சுப் பலகையின் முன் நிற்கும்போது அவற்றை மறந்துவிடுவதை நாம் காண்கிறோம். எனவே இலக்கியக் கட்டுரைகள் மிக்க இம்மலரில் மின்தடை, மின்திறன் என்னும் இரு சொற்களைக் கணக்கோடு சேர்த்து நோக்குவது பொருந்தும் எனக் கருதுகிறோம்.

மாடித் தொட்டியின் உயரம் நீருக்கு அழுத்தம் தருகிறது. அவ்வழுத்தத்தால் குழாயில் ஓட்டம் உண்டாகிறது. குழாய் குறுகியதாயின் ஓட்டம் தடைப்படுகிறது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றும் இவ்வாறே தம் பொருளைத் தாமே உணர்த்தும் சொற்கள். இவற்றின் அலகுகளான வோல்ட், ஆம்பியர், ஓம் என்பனவோ அறிஞர்களின் பெயர்வழி வந்தவை. ஆதலின் மொழிபெயர்ப்புக்கு உரியன அல்ல. (யாழ்ப்பாணத்தார் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்பர், அதற்கும் இதற்கும் உறவில்லை.)

ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தை அளக்க முற்பட்ட அவருக்கு மின்கலத்தின் நிலையாமை இடையூறாயிற்று. பின்னர்ச் செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப இரட்டையைக் கையாண்டு, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தைப் பெற்றார். 1827-இல் அவர் வெளியிட்ட நூலைத் தாயகம் முதலில் போற்றவில்லை. 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அவர் கண்ட உறவு இது: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும் என்பதையும் இதனோடு சேர்த்துக் கொள்ளல் வேண்டும்.

இஸ்திரிப் பெட்டி ஒன்றில் 230 வோல்ட், 1000 வாட் எனப் பொறித்திருப்பதாகக் கொள்வோம். 1000-ஐ 230-ஆல் வகுக்க, ஓட்டம் ஏறத்தாழ 4.35 ஆம்பியர். 230-ஐ அந்த 4.35-ஆல் வகுக்க, தடை ஏறத்தாழ 53 ஓம். மாலை வேளையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டாகத் தாழ்ந்தால் யாது நிகழும்? பெட்டியினுள் உள்ள நைக்ரோம் கம்பியின் தடை பெரிதும் மாறுவதில்லை, ஓட்டம் 3.4 ஆம்பியராகக் குறைகிறது. 180-ஐ 3.4-ஆல் பெருக்கினால் திறன் 612 வாட் மட்டுமே. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சிக் குறைய, திறன் ஐந்தில் இரு பங்களவு குறைந்துவிட்டது. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் உடன் குறைவதே இதற்குக் காரணம்.

தடை என்னும் சொல் மாணவரை மயக்கும் இடம் ஒன்றுண்டு. 'திறன் மிகுந்த விளக்குக்குத் தடையும் மிகுதி' என்பர் பலர். உண்மை இதற்கு மாறானது. ஒளிர்நிலையில் 100 வாட் இழை விளக்கின் தடை 529 ஓம். 40 வாட் விளக்கின் தடையோ ஏறத்தாழ 1320 ஓம். தடை குறைந்ததே, ஒரே அழுத்தத்தில் மிகுந்த ஓட்டத்தைப் பெற்று மிகுந்த ஒளி தருகிறது. ஆயின் இவ்விரு விளக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்துவிட்டால் 40 வாட் விளக்கே கூடுதலாக ஒளிரும்! அங்கு ஓட்டம் இரண்டிற்கும் ஒன்றே. ஆகவே தடை மிகுந்ததே மிகுந்த திறனைக் கொள்கிறது. வகுப்பறையில் செய்துகாட்டத் தக்க ஆய்வு இது. அணைந்து குளிர்ந்திருக்கும் இழையின் தடை, ஒளிர்நிலைத் தடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும் என்பதும் அறியத்தக்கது. சுவிட்சைப் போடும் கணத்திலேயே பழைய விளக்குகள் பெரும்பாலும் 'பியூஸ்' ஆவதன் காரணம் இதுவே.

திறன் வேறு, ஆற்றல் வேறு. 1000 வாட் திறனுடைய கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றலே நாம் கட்டணம் செலுத்தும் ஒரு யூனிட். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இவ்விரண்டையும் முறையே வலு, சக்தி என வழங்கும். எச்சொல்லை ஆண்டாலும் வேறுபாடு பிறழாதிருத்தல் வேண்டும். நாம் 'மின்சக்தி' என்று இரண்டிற்கும் பொதுவாகச் சொல்லிவிடுவது கணக்கிற்கு ஆகாது.

நோன்புக் காலத்துச் சஹர் வேளையில், விடுதி அறையின் ஒரே நீட்டுப் பெட்டியில் 1000 வாட் மின்னடுப்பையும் 1000 வாட் நீர்க்கெண்டியையும் மாணவர் ஒருசேர இணைப்பதுண்டு. ஓட்டம் இப்போது 8.7 ஆம்பியர். அப்பெட்டியினுள் திருகாணி தளர்ந்த இணைப்பு ஒன்று இருந்து, அதன் தடை அரை ஓம் எனக் கொள்வோம். தடையில் எழும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும் என்பதை ஜூல் 1841-இல் வெளியிட்டார். அதன்படி அடுப்பு மட்டும் இயங்கியபோது அவ்விணைப்பில் எழுந்த வெப்பம் 9.5 வாட், கெண்டியும் சேர்ந்தபின் ஏறத்தாழ 38 வாட். ஓட்டம் இருமடங்காக, வெப்பம் நான்கு மடங்காயிற்று. பற்றவைக்கும் சிறு மின்கோல் ஒன்றின் திறன், ஞெகிழிப் பெட்டிக்குள் ஒரு புள்ளியில் குவிகிறது. எம்.சி.பி. எனப்படும் துண்டிப்பான் 16 ஆம்பியருக்கு உரியதாயின் 8.7 ஆம்பியர் அதற்கு இயல்பான ஓட்டமே, அது விழாது. சூட்டையும் கருகல் வாடையையும் கண்டவுடன் சுவிட்சை அணைத்து, அப்பெட்டியை மாற்றிவிட வேண்டும்.