காய்ச்சலும் ஒரு கரும்பொருக்கும்

கடந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நாள்களாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேர்வுக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்று எண்ணி, "கொஞ்ச நேரம் மேசையில் தலைவைத்துப் படு" என்றேன். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. ஐந்து நாள்கள் கடந்ததும் வீட்டுக்குப் போனேன். "மாத்திரை போட்டா இறங்குது டீச்சர், திரும்பவும் ஏறிடுது" என்றார் அவளுடைய பாட்டி.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் உடன் சென்றேன். "புதர்ப் பக்கம் எங்கேயாவது போனியாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். பள்ளி விட்டதும் ஏரிக்கரைக்கு ஆடு ஓட்டிப் போவதாகச் சொன்னாள். செவிலியர் தனியே அழைத்துச் சென்று பார்த்தபோது, அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருந்தது. வலியும் அரிப்பும் இல்லாததால் அவளே அதைக் கவனிக்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் உறுதியானது, ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக்காய்ச்சல். மருந்து தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் தணிந்தது.

அந்தப் பருவத்தில்தான் கணுக்காலிகளைப் பற்றிப் பாடம் நடத்தி, சிலந்தியின் எட்டுக் கால்களை வரையச் சொல்லியிருந்தேன். சிலந்தியின் உறவினம் ஒன்று என் மாணவியைக் கடித்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெயர் தரும் குழப்பம்

உண்ணி என்றதும் நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணிதான் நினைவுக்கு வருகிறது. "எங்க வீட்டில் நாயே இல்லையே" என்று பெற்றோர் சொல்வது இதனால்தான். இந்நோயைப் பரப்புவது அதுவன்று. புதர்களிலும் புல்தரையிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள், இளம்பருவத்துக்கு ஆறு. இளம்பருவம் மட்டுமே எலிகளையும் மனிதரையும் கடிக்கும். அப்போது ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா உடலுக்குள் செல்கிறது.

கடித்து 6 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி தோன்றும். மழைக்காலத்திலும் அடுத்து வரும் பனிக்காலத்திலும் நம் பகுதிகளில் இது மிகுதி. கரும்பொருக்கு எல்லாருக்கும் தோன்றாது. அது இல்லை என்பதால் நோயில்லை என்று முடிவுசெய்யக் கூடாது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகளுக்கு நோய் கட்டுப்படும். பென்சிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பூசி இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பதால், குணமாகி வரும் பிள்ளையை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

வகுப்பறையில் செய்தவை

1. அளவுகோலில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டி, அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டேன். கடிக்கும் இளம்பருவத்தின் அளவு ஏறத்தாழ அவ்வளவுதான். "அப்போ கண்ணுக்கே தெரியாதே டீச்சர்!" என்றனர்.

2. பள்ளி விட்டபின் போகும் இடங்களை ஒவ்வொருவரும் வரைபடமாக வரைந்தனர். புதர், புல்வெளி, விறகுக் காடு, எலி நடமாடும் வரப்பு ஆகியவற்றுக்குச் சிவப்பு வண்ணமிட்டனர்.

3. அங்கே போகாதே என்று சொல்ல இயலாது. ஆடு மேய்க்கத்தான் வேண்டும். எனவே போகும் முறையைப் பேசினோம். முழுக்கைச் சட்டை, காலை மூடும் உடை, காலணி அணிவது. வெறும் புல்தரையில் உட்காராமல், படுக்காமல் விரிப்பைப் பயன்படுத்துவது. துணியைப் புதர்மேல் உலர்த்தாமலிருப்பது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடை மாற்றுவது.

4. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் தாங்களே பார்த்து, பொருக்கு இருந்தால் அம்மாவிடமோ செவிலியரிடமோ வெட்கப்படாமல் சொல்லப் பழக்கினேன். ஆசிரியர் சோதித்துப் பார்க்கக் கூடாது. மருந்தும் தரக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, சுற்றுச்சுவரை ஒட்டிய புதர்களையும் அகற்றினோம்.

குறித்துவைப்போம்

உண்ணி பரப்பும் வேறொரு நோயின் வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொன்னேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றோர் ஊர். அங்கே பாலி முர்ரே என்னும் தாய், தம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குவதைக் கவனித்துக் குறித்துவைத்து, 1975இல் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். அதைத் தொடர்ந்த ஆய்வுகளில்தான் மான் உண்ணி பரப்பும் லைம் நோய் இனங்காணப்பட்டது. அவர் மருத்துவர் அல்லர். பிள்ளைகளை நாள்தோறும் பார்த்தவர்.

நாமும் நாள்தோறும் பார்ப்பவர்கள்தாம். இப்போது வருகைப் பதிவேட்டுடன் ஒரு சிறு குறிப்பேடும் வைத்திருக்கிறேன். யாருக்கு, எந்த நாளில் காய்ச்சல், அதற்கு முன் எங்கே போனார் என்ற மூன்றே செய்திகள். காய்ச்சல் நீடித்தால் பெற்றோரை அழைத்து, மருத்துவரிடம் புதர்ப் பக்கம் போனதையும் மறக்காமல் சொல்லச் சொல்கிறேன். தலைவலி என்று ஒரு பிள்ளை சொன்னால், மேசையில் படுக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதில்லை.