தனிமைச் சிறையும் மனிதத் துணையும்

மனிதன் கூடி வாழும் இயல்பினன் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாக நம் பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கருத்து அது. அதனை எவரேனும் சோதித்துப் பார்த்ததுண்டா? உண்டு. சோதிக்கிறோம் என்று அறியாமலே, நல்லெண்ணத்தோடு, ஆயிரக்கணக்கானோர் மீது அச்சோதனை நடத்தப்பெற்றது. சிறைச்சாலைகளின் வரலாற்றில் அது பதிவாகியுள்ளது. அவ்வரலாற்றைச் சற்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1829-ஆம் ஆண்டு ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய சிறைகளில் கொலைகாரனும் ரொட்டி திருடிய சிறுவனும் ஒரே கூடத்தில் அடைபட்டுக் கிடந்தனர். உள்ளே போகும்போது சிறு திருடனாக இருந்தவன் வெளியே வரும்போது தேர்ந்த திருடனாக வந்தான். இதனைக் கண்டு மனம் நொந்தவர்களுள் குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவினர் முன்னணியில் நின்றனர். அவர்கள் வழிபாடே மௌனமாக அமர்ந்திருப்பதுதான். மௌனம் தம்மைத் திருத்துவது போலக் கைதியையும் திருத்தும் என்று அவர்கள் நம்பினர். கெட்ட சகவாசத்தால் கெட்டவனுக்குச் சகவாசமே இல்லாமல் செய்துவிட்டால் அவன் தன் மனச்சாட்சியோடு பேசத் தொடங்குவான் அல்லவா?

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சவுக்கடி இல்லை, பட்டினி இல்லை. ஒவ்வோர் அறைக்கும் குழாய்த் தண்ணீரும், குளிர் தாக்காத வெப்ப ஏற்பாடும் இருந்தன. அறைக்குப் பின்னால் உலாவச் சிறு முற்றம். செருப்புத் தைத்தல், நெசவு போன்ற தொழிலும் அறைக்குள்ளேயே தரப்பட்டது. மனிதர் முகம் ஒன்றுதான் இல்லை. கைதியை வெளியே அழைத்துச் செல்ல நேர்ந்தால் தலையை மூடும் முகமூடி அணிவித்தனர். பெயர் போய் எண் வந்தது.

1842-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இச்சிறைக்குச் சென்று கைதிகளுடன் உரையாடினார். இதனை ஏற்படுத்தியவர்கள் இரக்கமுள்ளவர்களே என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் உடலை வதைக்கும் எந்தத் தண்டனையையும் விட மூளையின் மீது நாள்தோறும் மெல்ல மெல்ல நிகழும் இவ்வதை கொடியது என்று எழுதினார். உடற்காயம் பிறர் கண்ணுக்குத் தெரியும். இந்தக் காயம் தெரியாது என்பது அவர் வாதம். இது நாவலாசிரியரின் உணர்ச்சிப் பெருக்கு என்று சொன்னவர்களும் உண்டு.

ஆனால் டிக்கன்ஸ் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே விடை கிடைத்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் 1821-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 80 கைதிகளைத் தனித்தனி அறைகளில் அடைத்தனர். அவர்களுக்கு வேலையும் தரவில்லை. ஓராண்டுக்குள் ஐவர் இறந்தனர். ஒருவனுக்குச் சித்தம் கலங்கியது. மற்றொருவன், காவலர் கதவைத் திறந்த கணமே மேல்தளத்திலிருந்து கீழே குதித்தான். ஆளுநர் 26 பேரை மன்னித்து விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. அவர்களேனும் திருந்தினார்களா என்றால், 14 பேர் சிறிது காலத்திலேயே புதுக் குற்றம் செய்து சிறைக்குத் திரும்பினர். 1831-இல் பிரான்சிலிருந்து சிறைகளை ஆராய வந்த தோக்வில், போமோன் என்ற இருவர் இவற்றையெல்லாம் தம் அறிக்கையில் குறித்துள்ளனர்.

இத்தனைக்குப் பின்னும் இம்முறை ஒழியவில்லை; கடல் கடந்து பரவியது. இலண்டனில் பென்டன்வில் சிறை 1842-இல் இதே கொள்கையில் எழுந்தது. அந்தக் கொள்கையே நம் அந்தமானுக்கும் வந்தது. போர்ட் பிளேரில் 1896-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்ட சிறைக்குச் 'செல்லுலார்' என்று பெயர் வந்ததே அது முழுவதும் தனியறைகளால் ஆனது என்பதால்தான். நடுவே காவற்கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கட்டடங்கள். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்திருக்கும். எதிரே ஒரு முகம் தென்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு கட்டினர். (நம்மில் பலர் வ.உ.சி. செக்கிழுத்ததையும் அந்தமானோடு சேர்த்துவிடுகிறோம். அவர் இழுத்தது கோவைச் சிறையில்.) அந்தமானில் அடைபட்ட வங்கப் புரட்சியாளர் இந்துபூஷண் ராய் 1912-இல் தூக்கிட்டு உயிர் துறந்தார். உல்லாஸ்கர் தத் சித்தம் கலங்கிச் சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். தனிமை மட்டுமே இவற்றுக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கொடும் உழைப்பும் கைவிலங்கும் இருந்தன. ஆனால் உழைப்பின் வலியைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லாதபோது அவ்வலி இரட்டிப்பாகாதா?

குற்றவாளிகளின் மனம் முன்பே பழுதுபட்டிருக்கலாமே என்று ஒரு வினா எழலாம். அதற்கு விடை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கே டொனால்டு ஹெப் என்ற உளவியலறிஞரின் மேற்பார்வையில் 1950-களின் தொடக்கத்தில் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கூலி தரப்பட்டது. அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மெத்தையில் படுத்திருந்தால் போதும். கண்ணுக்கு உருவம் தெரியாத கண்ணாடி, கைகளுக்கு உறை, காதுக்கு ஓயாத ஒரே இரைச்சல். வேளைக்குச் சோறு உண்டு. சும்மா கிடக்கக் கூலி என்றால் நம் விடுதியில் வரிசை வராண்டா வரை நீளும்! ஆனால் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. சிலருக்கு இல்லாத காட்சிகள் தோன்றின. எளிய கணக்குகளிலும் தடுமாறினர். இங்கே பறிக்கப்பட்டது துணை மட்டுமன்று, புலன்களின் உணவும்தான் என்பதை மறத்தலாகாது. எனினும் நல்ல மூளையும் வெறுமையில் நிலைகொள்ளாது என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் தனிமையை விரும்பி ஏற்றவர்கள்? தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரைக் குடிசையில் தனித்து வாழ்ந்தார். ஆனால் அவர் குடிசையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஊரும் நடை தூரத்தில்தான். இரமண மகரிசி அண்ணாமலைக் குகையில் மௌனமாக அமர்ந்திருந்த காலத்திலும் அவருக்கு உணவு கொண்டுவர ஆள் இருந்தனர். எழுந்து வரக் கதவு திறந்திருக்கும் தனிமை வேறு; வெளியே தாழிட்ட தனிமை வேறு.

இந்த வேறுபாட்டை நான் நூலில் படிப்பதற்கு முன் வீட்டில் பார்த்தேன். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் என் அப்பாயி கொல்லைப்புற அறையில் 14 நாள் தனித்திருக்க நேர்ந்தது. வேளாவேளைக்குத் தட்டு வாசற்படியில் வைக்கப்பட்டது. மருந்துக்கும் குறைவில்லை. நான்காம் நாள் முதல் அப்பாயி பித்தளைத் தம்ளரால் சுவரைத் தட்டத் தொடங்கியது. ஏதாவது வேண்டுமா என்று ஓடிக் கேட்டால், "ஒண்ணும் வேணாம் சாமி, நீ இருக்கியான்னு பாத்தேன்" என்று சொல்லும். பின்னர் சுவருக்கு இப்பால் நானும் தட்டப் பழகிக்கொண்டேன். பல நாட்டுச் சிறைகளில் கைதிகள் சுவரில் தட்டியே எழுத்துகளைச் சொல்லிப் பேசிக்கொண்டனர் என்று பின்னாளில் படித்தபோது அது எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை.

நம் பழந்தமிழிலும் இதற்கொரு சான்று உண்டு. புலம்பு என்னும் சொல்லுக்குத் தனிமை என்பது பொருள் எனத் தொல்காப்பிய உரியியல் உரைக்கின்றது. இன்று நாம் அச்சொல்லால் அழுகையையும் வாய்விட்டு அரற்றுவதையும் குறிக்கின்றோம். தனித்திருப்பவன் செய்வது தனிமைக்கே பெயராக இருந்த சொல்லின் பொருளாகிவிட்டது போலும்!

இனி, சட்டம் என்ன சொல்கிறது? ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1913-இல் தன் முறையைக் கைவிட்டது. நம் நாட்டில் 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தனிமைச் சிறையை அனுமதித்தது. ஆனால் அளவும் விதித்தது: மொத்தம் மூன்று மாதத்துக்கு மேற்படக் கூடாது, ஒரு தடவைக்கு 14 நாளைக்கு மேல் ஆகாது. 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனை பெற்றவரே ஆயினும் சிறை அதிகாரி தம் விருப்பப்படி அவரைத் தனிமைச் சிறையில் வைக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 11, 12-ஆம் பிரிவுகளாக அப்பழைய விதிகள் அப்படியே இருக்கின்றன. இரு நூற்றாண்டுச் சான்றுகள் கண்முன் இருக்க, அவற்றை நீக்க ஏன் மனம் வரவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. சட்டம் பயிலப் போகும் நம் நண்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற சிறை விதிகள், 15 நாளைக்கு மேற்பட்ட தொடர்ச்சியான தனிமைச் சிறையைத் தடை செய்கின்றன. அவ்விதிகளுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயர் இடப்பட்டுள்ளது. 1962-இல் பிரிட்டோரியா சிறையில் கறுப்பினக் கைதிகளுக்குரிய அரைக்கால்சட்டையை அணிய அவர் மறுத்தார். அது பெரியவரைச் சிறுவனாக்கும் அவமதிப்பு என்று கருதினார். அதிகாரிகள் இணங்கி முழுக்கால்சட்டை கொடுத்தனர். ஆனால் தனியறையில் அடைத்துவிட்டனர். சில வாரங்கள் சென்றன. பேச ஆளின்றி, கரப்பான் பூச்சியோடு உரையாடத் தொடங்கிவிடுவோமோ என்ற நிலைக்குத் தாம் வந்ததைத் தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். வெள்ளையர் அரசுக்கு எதிலும் தலைவணங்காத அம்மனிதர், முழுக்கால்சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரைக்கால்சட்டையோடு மற்றக் கைதிகள் இருந்த முற்றத்துக்கு வந்து அமர்ந்தார்.