அட்டாலியில் கிடந்த ஓடியன் தட்டுகள்

கேள்வி: எங்க அப்பாரு வீட்டு அட்டாலியை ஒதுங்க வைத்தபோது ஒரு பெட்டி நிறையப் பழைய பிளேட்டுகள் கிடைத்தன. பலவற்றில் ‘ஓடியன்’ என்றும், உறையில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ், சென்னை’ என்றும் இருக்கிறது. என் மகனுக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை என்றால் உயிர். “மோடவுன், ஸ்டாக்ஸ் மாதிரி நமக்கும் ஒரு கம்பெனி இருந்ததா? கோயமுத்தூர்ப் பக்கம் இருந்ததா?” என்று கேட்கிறான். இந்தத் தட்டுகளை என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் மகனுக்கான பதில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உறையில் இருக்கும் அந்தக் கடையின் பெயர்தான் அது.

மோடவுனைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, முதலில் டெட்ராய்ட் நகரில் ஜாஸ் தட்டுகள் விற்கும் கடை வைத்து நொடித்தவர். பிறகு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து, 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கிக் கம்பெனி ஆரம்பித்தார். மெம்பிஸில் ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற தம்பியும் அக்காளும் நடத்திய ஸ்டாக்ஸ், மூடிக்கிடந்த ஒரு சினிமாக் கொட்டகைக்குள் இயங்கியது. உள்ளே ஒலிப்பதிவு, வாசல் பக்கம் தட்டுக்கடை. வாங்க வருகிறவர்கள் எதைக் கேட்டு நிற்கிறார்கள், எதைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கடையில் பார்த்துத்தான் அக்காள் உள்ளே சேதி சொல்வார்.

நம் கதையும் கடையில்தான் தொடங்குகிறது. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்பனையாயின. மகன் மெய்யப்பன் சின்ன வயதிலேயே அங்கே வேலைக்கு நின்றார். அடுத்தவர் தயாரித்ததை விற்பதைவிட நாமே பாட வைத்துத் தட்டுப் போட்டால் என்ன என்று சென்னைக்கு வந்து, 1930களின் தொடக்கத்தில் நண்பர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். பிறந்த இடம் பெர்லின் என்றாலும், ஓடியன் முத்திரை இவர்கள் வழியாகத் தமிழ் பேசியது. பக்திப் பாடல்கள், கச்சேரிச் சங்கீதம், ஒரு நாடகத்தையே பல தட்டுகளில் அடக்கிய ‘நாடக செட்’ எல்லாம் வந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்றே சொச்சம் நிமிடம். அதற்குள் ராகமும் பாட்டும் முடிய வேண்டும். மேடையில் மணிக்கணக்காகப் பாடிப் பழகியவர்கள் அந்த அளவுக்குள் தங்கள் வித்தையைச் சுருக்கிக் கொடுத்திருப்பது, இன்று கேட்டாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

சோல் இசை தேவாலயத்தில் பாடிய குரலைத் தெருவுக்குக் கொண்டுவந்த இசை. நம் தட்டுக் கம்பெனிகள் அதற்கு ஒரு தலைமுறை முன்பே, கோயிலிலும் நாடகக் கொட்டகையிலும் ஒலித்த குரலைத் தோட்டத்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டன. உள்ளே போக அனுமதியில்லாதவரும் டிக்கெட் வாங்கக் காசில்லாதவரும் அடுத்த வீட்டுத் திண்ணையோரம் நின்று கேட்க முடிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தக் குரல்களில் தலையாயது உங்கள் பக்கத்துக் குரல். கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், மைக் இல்லாத காலத்துக் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கப் பாடியவர். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவருக்குப் பேசிய ஒரு லட்ச ரூபாய் சம்பளம் அன்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அவருடைய கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவோ பேசும் படம் எதிலும் நடிக்காமலே 1933 டிசம்பரில், 27 வயதில் காலமானார். கிட்டப்பா எப்படிப் பாடினார் என்று இன்று நாம் தெரிந்துகொள்வது பிளேட்டுகளால் மட்டுமே.

கோவையில் ஏன் ஒரு கம்பெனி உருவாகவில்லை? திறமைக்குப் பஞ்சமே இல்லை. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ‘ஹரிதாஸ்’ உருவானது. டி.எம். சௌந்தரராஜன் தம் முதல் சினிமாப் பாட்டை, ‘கிருஷ்ண விஜயம்’ படத்துக்காக, எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் அங்கேதான் பாடினார். எம்.எஸ். விஸ்வநாதன் தொழில் பழகியதும் அங்கே. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ 1954இல் ‘மலைக்கள்ளன்’ தந்தது. ஆனால் பாட்டைப் பதிவு செய்வது ஒன்று, தட்டு அச்சடித்து ஊர் ஊராக அனுப்புவது வேறொன்று. அச்சடிக்கும் ஆலை கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இருந்தது. கோவைக்காரர்களின் பணம் மில்லிலும் படத்திலும் இறங்கியது, தட்டில் இறங்கவில்லை. கடையில் எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் என்று போட்டியாகத் தெரிந்த பெயர்கள்கூட 1931க்குப் பிறகு ஈ.எம்.ஐ. என்ற ஒரே ஆங்கிலக் கம்பெனியின் குடைக்குள் வந்துவிட்டன. அந்த எச்.எம்.வி.யின் இந்தியக் கம்பெனிதான் 2000இல் சரிகம என்று பெயர் மாறியது.

ஒரு தட்டுக் கம்பெனியின் உண்மையான சரித்திரம் அது எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஸ்டாக்ஸை வீழ்த்தியது ஒரு காகிதம். விநியோகத்துக்காக அட்லாண்டிக் கம்பெனியோடு போட்டிருந்த ஒப்பந்தத்தை 1968இல் பிரித்துப் படித்தபோதுதான், அதுவரை தாங்கள் பதிந்து அவர்கள் வழியாக விற்ற பாட்டுகளின் மூலப்பதிவுகள் தங்களுக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் அவர்களுடைய தலைமைப் பாடகர் ஓடிஸ் ரெடிங் விமான விபத்தில் இறந்திருந்தார். 1975இல் கம்பெனி திவாலானது.

இங்கேயும் ஒரு காகிதம் உண்டு. பாரதியார் பாடல்களைத் தட்டில் பதியும் உரிமை 1930களில் அவர் குடும்பத்தாரிடமிருந்து ஒரு வியாபாரிக்குப் போய், அவரிடமிருந்து மெய்யப்பன் கைக்கு வந்தது. 1947இல் வந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் அந்தப் பாடல்களைப் பாட, நாடே கேட்டது. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது, உரிமை எங்களுடையது என்று மெய்யப்பனின் ஏவி.எம். நிறுவனத் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. மகாகவியின் பாட்டு ஒரு தனியாருக்குச் சொந்தமா என்று எழுத்தாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1949இல் அரசே உரிமையை எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. அரசு உரிமையை எடுக்க முடிவு செய்தபோது கல்வி அமைச்சராக இருந்து இதற்கு வழிசெய்தவர் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்: திருப்பூரில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். கொங்கு நாட்டிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனி வரவில்லை. ஆனால் ஒரு கவிஞனின் பாட்டை எல்லோருக்கும் உரியதாக்கிய மனிதர் வந்தார். என் கணக்கில் இது பெரியது. இளையராஜா பாடல்களுக்காக உயர் நீதிமன்றம் வரை போன வழக்குகளும், பாட்டு யாருடையது என்ற அதே பழைய கேள்வியைத்தான் கேட்கின்றன.

இனி உங்கள் தட்டுகள். அவை அரக்கு கலந்தவை, கைதவறினால் சில்லுச்சில்லாகிவிடும். ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். கிராமபோனில் போட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி வரியை உழுதுவிடும். முதல் வேலையாக உங்கள் மகனை உட்காரவைத்து ஒவ்வொரு தட்டின் எண், பாடியவர் பெயர், பாட்டின் முதலடி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கிராமபோன் தட்டுகளையும் சேகரித்துக் காக்கிறது. அந்தப் பட்டியலை அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை ஒரு தட்டைக்கூடப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.